கோயில் கிணற்றைப் பூட்டிய கம்பவுண்டர்

ஊரில் அந்தக் கம்பவுண்டரைப் பற்றிய பேச்சு வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். வெற்றிலை துப்பப் போகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது. இப்போது எழுதித் தொலைக்கிறேன், வாயால் சொல்ல இன்னும் திராணியில்லை.

முப்பதுகளின் தொடக்கம். இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், அவர் மிஷன் ஆஸ்பத்திரி கம்பவுண்டர். மேற்கே புதுக்கடை என்ற ஊர்ப் பக்கத்து மனிதர், மலையாள வாடையில் தண்ணீரை வெள்ளம் என்பார். எந்தச் சாதிக்காரன் வீட்டுத் தரையிலும் உட்கார்ந்து நாடி பிடிப்பார். சீழ் பிடித்த காலைக் கழுவும்போது முகம் சுளிக்கமாட்டார். அதே சமயம், புண்ணில் சாணியை அப்பிக்கொண்டு வந்தவனை நாலு திட்டுத் திட்டாமல் விடவும் மாட்டார். ஊர் இளவட்டங்களில் பாதிப்பேர் சோப்புப் போட்டுக் கை கழுவப் படித்தது அவரைப் பார்த்துத்தான். நான் இன்னும் ஒரு படி மேலே போய், அவரைப் போலவே வேட்டியை உயர்த்திக் கட்டி, அவரைப் போலவே வேகவேகமாக நடந்தேன். "அரைக் கம்பவுண்டரு வாறாரு" என்று பெண்கள் சிரிப்பார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

அந்த வருஷம் அசனத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கடற்கரைப் பக்கம் நடப்புதீனம் கண்டது. காலராவுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. அசனம் என்பது, எங்கள் வேதக்கோயில் பண்டிகையில் சபையார் நேர்ந்துகொண்ட அரிசியைப் பொங்கி எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. இந்த வருஷம் வேண்டாம் என்றார் கம்பவுண்டர். ஆண்டவருக்கு நேர்ந்த சோற்றில் நோய் வருமா என்று சபையில் ஒரே கூச்சல். தொண்டை வறள வாதாடிப் பார்த்துவிட்டு, இரண்டு நிபந்தனைகளோடு இறங்கி வந்தார். அவர் மருந்து போட்ட கோயில் கிணற்றுத் தண்ணீர் தவிர வேறு தண்ணீர் தொடக்கூடாது. சோற்றைச் சுடச்சுட அங்கேயே சாப்பிட வேண்டும், ஒரு பருக்கை வெளியே போகக்கூடாது. வர முடியாதவர்களுக்கு அசனச் சோறு கொண்டு போவது எங்கள் வழக்கம். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் பழஞ்சியாகக் குடிப்பதும் வழக்கம். அந்தப் பழஞ்சிக்குத்தான் அவர் பயந்தார்.

"வாசல்ல நீரு நில்லும் வாத்தியாரே. உம்மள நம்பித்தான் விடுகேன்" என்றார்.

நின்றேன். சொந்தச் சித்தப்பாவின் தூக்குவாளியையே பிடுங்கி வைத்தேன், மனுஷன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எல்லாரும் போனபின், நானே ஒரு தூக்குவாளி நிறையச் சோறு எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்காவுக்கு நிறைமாதம். அத்தான் அறுப்புக்காகப் பூதப்பாண்டியில் கிடந்தார். முதல் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவள், இதுவாவது நிலைக்கட்டும் என்று ஒரு மரக்கால் அரிசி நேர்ந்திருந்தாள். "ஏலே, என் நேர்ச்சைச் சோத்துல எனக்கு ஒரு பிடி கிடையாதா?" என்று முந்தின நாளே கேட்டிருந்தாள். நான் என்ன செய்ய? பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மீதியில் அடுப்படிப் பானைத் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தாள். பாத்திரம் கழுவக் கோரி வைத்த கால்வாய்த் தண்ணீர் அது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

மறுநாள் பழஞ்சி குடித்தாள். அதற்கு அடுத்த நாள் காலையில் கண் குழிந்து, கை கால் சில்லிட்டுக் கிடந்தாள்.

கம்பவுண்டர் ஓடி வந்தார். "என்ன தின்னா? எந்த வெள்ளம் குடிச்சா?" அதுதான் அவருடைய முதல் கேள்வி. அக்காவுக்கு நாக்கு எழவில்லை. என்னைப் பார்த்தார்.

"வீட்டுக் கஞ்சிதான் ஐயா. கோயில் கிணத்து வெள்ளந்தான்" என்றேன்.

அவர் கண்ணில் நான் தாழ்ந்துவிடக்கூடாது, அவ்வளவுதான் காரணம். கூடப் பிறந்தவள் உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடக்கும்போது எனக்கு என் மரியாதை பெரிதாகத் தெரிந்திருக்கிறது. த்தூ.

இரண்டு நாள் அவர் அங்கிருந்து நகரவில்லை. உப்புக் கலந்த கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டிக்கொண்டே இருந்தார். அக்கா பிழைத்தாள், வயிற்றில் பிள்ளையும் அசைந்தது. ஆனால் என் பேச்சை நம்பி, வந்த அன்றைக்கே கோயில் கிணறு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, அதற்குப் பலகை போட்டுப் பூட்டச் சொல்லிவிட்டார். தோப்புக் கிணற்றில் எடுங்கள், காய்ச்சிக் குடியுங்கள் என்று வீடு வீடாக ஆள் அனுப்பினார். தோப்புக் கிணறு அரை மைல். கால்வாய் வீட்டுக்குப் பின்னால் ஓடியது. ஜனங்கள் எங்கே போவார்கள்? நாலாம் நாள் பின்தெருவில் ஒரே வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் செத்துப்போயின.

அடக்கம் முடிந்து, கிணற்றடியில் வைத்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"நல்ல வெள்ளத்தையா பூட்டிப் போட்டேன்?" என்று மட்டும் கேட்டார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். நான்தான் வாங்கித் திறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்றார். "கிணத்துல ஒரு கேடும் இல்ல. பூட்டச் சொன்னவன் நான். அதனாலதான் ஜனம் கால்வாய் வெள்ளம் குடிச்சுது. பிழை என்னுது." அடுத்து என் பெயர்தான் என்று தலையைக் குனிந்து இருந்தேன். வரவில்லை. வெளியே வந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார். "அக்காகிட்ட இப்போ சொல்லாதேயும். அவ நேர்ச்சைச் சோறு, கேட்டீரா? தாங்கமாட்டா. பிள்ளை பிறக்கட்டும். பிறவு நீரே ஊருக்கும் சொல்லும்."

அந்த வாரமே அவரை மாற்றச் சொல்லிச் சபையார் மிஷனுக்கு மனு அனுப்பினார்கள். வாத்தியார் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அக்காவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானம் ஆயிற்று, நடை வந்தது, என் வகுப்பிலேயே வந்து உட்காரும் வயசும் ஆயிற்று. ஒருநாள் அவனுக்குத் தலைதுவட்டிக்கொண்டே அக்கா சொன்னாள்: "தங்கமான மனுசன்லா அந்தக் கம்பவுண்டரு. நானும் இவனும் இருக்கது அவராலதான். ஆனாலும் அந்த ரெண்டு பொட்டப்பிள்ளையளையும் அவருதானலே கொன்னாரு?"

"ஆமாக்கா" என்றேன்.