வழவழப்புக்கு ஒரு வணக்கம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கிழங்கைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அதுவும் எதை? சேப்பங்கிழங்கை!

எங்கள் ஓசூர் அபார்ட்மென்ட்டில் மாடி வீட்டுக்காரர் எமேகா. நைஜீரியாவிலிருந்து வந்து இங்கே ஒரு கம்பெனியில் இன்ஜினீயராக இருக்கிறார். அவர் மனைவி சியோமாவுக்கு ஏழாம் மாதம். எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. எடை ஏறவே இல்லை, இப்படியே போனால் அட்மிட் செய்யவேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாவம், அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று — அவள் ஊர் 'கோகோயாம்' குழம்பு. போனில் படம் காட்டினார். அட, நம்ம சேப்பங்கிழங்கு!

விடுவேனா? சனிக்கிழமையே வேகவைத்து, புளித்தண்ணீரில் புரட்டி, வழவழப்பு துளிகூட இல்லாமல் மொறுமொறுவென்று வறுத்து, பெருமையாகக் கொண்டுபோனேன். சியோமா ஒரு துண்டை வாயில் வைத்தாள். சிரிக்கப் பார்த்தாள்... அழுகைதான் வந்தது.

"அக்கா, அந்தக் கொழகொழப்புதான் வேணும். அதை ஏன் எடுத்துட்டீங்க?" என்றார் எமேகா, கம்பெனியில் கற்ற தமிழில். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்றாகிவிட்டது.

மறுநாள் காலையிலேயே உழவர் சந்தைக்கு ஓடினேன். நல்லா வழவழப்பான கிழங்காகக் கேட்டதும் கடைக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எல்லாரும் அது வேணாம்னுதானுங்க கேப்பாங்க..."

இந்த முறை சமையல் எமேகா கையில். கிழங்கைத் தோலோடு குழைய வேகவைத்தார். உரித்து, என் வீட்டு இடிகல்லில் போட்டு மாவாக இடித்தார். கறியும் கருவாடும் கீரையும் கொதிக்கும் குழம்பில் அதை உருண்டை உருண்டையாகப் போட்டார். கொஞ்ச நேரத்தில் உருண்டைகளைக் காணோம். தண்ணீராய் ஓடிய குழம்பு கெட்டியாகி, பளபளவென்று நிற்கிறது. தேங்காய் இல்லை, பருப்பு இல்லை! நான் இத்தனை வருஷம் புளி ஊற்றி விரட்டியதை நம்பித்தான் அங்கே ஊர் ஊராகக் குழம்பே வைக்கிறார்களாம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

சியோமா சாப்பிட்டாள். நானும் எமேகாவும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடம்... அரை மணி... ஒரு மணி நேரம். திடீரென்று எழுந்தாள். நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

அவள் போனது பாத்ரூமுக்கு இல்லை. சமையலறைக்கு — மீதிக் குழம்புக்கு!

ருசி பார்க்கக்கூட எனக்கு ஒரு சொட்டு வைக்கவில்லை, மகராசி.