சாக்கு சொல்லாதே

அவள் கோபக்காரி என்பது ஆராய்ச்சி நிலையத்தின் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். முகத்துக்கு நேரே 'மேடம்', முதுகுக்குப் பின்னால் 'மோட்டாரம்மா'. இருபத்திரண்டு வருடங்களாக அவள் ஆராய்ந்துவந்தது மயோசின் என்கிற புரதத்தை. செல்லுக்குள் ஓடும் இழைகளைப் பிடித்து இழுக்கும் நுண்ணிய மோட்டார் அது. நாம் கையை மடக்குவதும் இதயம் துடிப்பதும் அது இழுப்பதால்தான். வீட்டில் தண்ணீர் மோட்டார் மூன்று நாளாக ஓடாதபோது கணவர் கேட்டார்: "கண்ணுக்குத் தெரியாத மோட்டாரையெல்லாம் கட்டி மேய்க்கிற. தெரியறத ஒரு தடவ எட்டிப் பாக்கக் கூடாதா?" அதற்கும் எரிந்து விழுந்தாள்.

அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரே ஒரு கட்டுரை. மயோசினை நிறுத்தும் மருந்தைக் கொடுத்த பிறகும் செல் ஊர்ந்துகொண்டே இருந்தது. ஆகவே அதை நகர்த்துவது வேறு ஏதோ என்று எழுதியிருந்தாள். அதைக் காட்டித்தான் தனி ஆய்வகமும் பெரிய அறையும் கிடைத்தன.

பிறகு ஒரு மாணவி சேர்ந்தாள். அதிர்ந்து பேசாத பெண். அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அவளுடைய செல்கள் அசையாமல் நின்றுவிட்டன. மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் நின்றன. எல்லோர் முன்னாலும் மேடம் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

"மருந்த அளக்கத் தெரியாதா உனக்கு? கைக்கு வந்தத அள்ளிப் போட்டியா?"

"அளவு சரிதான் மேடம். நான் வேற மைக்ரோஸ்கோப்ல..."

"வாய மூடு!"

அந்த வருடம் முடிவதற்குள் மாணவி படிப்பை விட்டுவிட்டுப் போனாள். பால் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை கிடைத்ததாக யாரோ சொன்னார்கள். நல்லதாகப் போயிற்று என்று மேடம் நினைத்தாள்.

இரண்டு வருடம் கழித்து அவளுடைய நுண்ணோக்கியின் நீல விளக்கு எரிந்துபோயிற்று. புதிது வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். பொறுமை இல்லாமல் பக்கத்து அறையிலிருந்த பழைய நுண்ணோக்கியில், சிவப்பு ஒளியில் சோதனையைச் செய்தாள். செல்கள் நின்றன. மருந்துப் புட்டியைத் திட்டினாள், புது மருந்து வரவழைத்தாள். அப்போதும் நின்றன. நான்காம் நாள் மருந்தின் மேல் அரைமணி நேரம் வேறொரு நீல விளக்கைக் காட்டிவிட்டுச் செல்களுக்குக் கொடுத்தாள். ஊர ஆரம்பித்தன.

படம் எடுக்கப் போட்ட வெளிச்சமே மருந்தைக் கெடுத்திருக்கிறது. மோட்டார் நிற்கவே இல்லை. பதினோரு வருடப் பெருமை ஒரு விளக்கின் கோளாறு.

அப்போதுதான் மாணவியின் கடைசி மின்னஞ்சல் ஞாபகம் வந்தது. தேடி எடுத்தாள். 'விளக்கு காரணமா இருக்கலாம் மேடம்' என்ற ஒரு வரி; கூடவே பன்னிரண்டு படங்கள். ஒன்றையும் அவள் திறந்திருக்கவில்லை. பதில் மட்டும் போட்டிருந்தாள்: 'சாக்கு சொல்லாதே.'

மறுநாள் காலை இயக்குநரின் அறைக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்தாள். கட்டுரையைத் திரும்பப் பெறப்போவதாகச் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். 

"பதினோரு வருஷம் ஆச்சு மேடம். யாரு இப்ப அதப் படிக்கிறா? சும்மா கெடக்கிறத ஏன் கிளறணும்?"

"போன மாசம்கூட ரெண்டு பேரு அத நம்பி ஆராய்ச்சி ஆரம்பிச்சிருக்காங்க சார்."

"நிலையத்தோட பேரு கெடும்."

"கெடட்டும்! ஒரு பொண்ணோட படிப்பே கெட்டுச்சே, அது உங்களுக்குப் பெருசா தெரியலையா?"

"அந்தப் பொண்ண விரட்டினது நானா?" என்றார் இயக்குநர் நிதானமாக.

பொளேரென்று அறைந்த மாதிரி இருந்தது. அவர்மேல் வந்த ஆத்திரமெல்லாம் அப்படியே தன்மேல் திரும்ப, வெளியே வந்தாள். அன்று மதியமே கட்டுரை வெளிவந்த ஆய்வுப் பத்திரிகைக்குக் கடிதம் அனுப்பிவிட்டு மாணவியைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"நீ சொன்னதுதாம்மா சரி. தப்பு என்மேல. கடிதத்துல கண்டுபிடிச்சது நீதான்னு எழுதியிருக்கேன். திரும்பி வந்துடு, நான் பாத்துக்கறேன்."

அந்தப் பக்கம் தொழிற்சாலை இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே பதில் வந்தது.

"என் பேரப் போடுங்க மேடம், அது எனக்குச் சேர வேண்டியது. ஆனா நான் வரமாட்டேன். ஆறு மாசம் பைப்பெட்டத் தொட்டாலே கை நடுங்குச்சு எனக்கு. நீங்க ஒரு படத்தத் திறந்து பாத்திருந்தா போதும். ஒரே ஒரு படம்!" கடைசி வார்த்தையில் குரல் உயர்ந்தது. அந்தப் பெண் கத்தி மேடம் கேட்டது அதுதான் முதல் தடவை. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பெரிய அறையை இயக்குநர் வேறொருவருக்குக் கொடுத்தார். கண்ணாடிச் சாமான் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்து அறை அவளுக்கு ஒதுக்கப்பட்டது. சாமான்களைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். பார்த்துக்கொண்டு நின்ற உதவிப் பேராசிரியர், "பாவம் மேடம், உங்களுக்கு இப்படி ஆயிருக்க வேணாம்" என்றார்.

"எனக்கு ஒண்ணும் ஆகல. வழிய விடுங்க" என்று சீறினாள்.

கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் இப்போதெல்லாம் யார் படம் அனுப்பினாலும், திட்டுவதற்கு முன்னால், ஒன்று விடாமல் திறந்து பார்க்கிறாள்.