நாலடித் தொட்டியும் ஓர் அழுக்கு ஸ்பாஞ்சும்

எங்கள் ஆஸ்கார் மீன் இரண்டடித் தொட்டியில் திரும்புவதற்கே வாலை மடக்க வேண்டியிருந்தது. "பாவம், அவ்ளோ பெரிய மீனு. கோயில் குளத்துல விட்டுடலாம், புண்ணியமாவது கெடைக்கும்" என்றார் என் கணவர். எனக்குச் சுள்ளென்று ஏறியது. மூன்று வருஷம் என் கையால் தின்ற மீனைக் குளத்தில் விட்டுவிட்டு எனக்கென்ன புண்ணியம் வேண்டிக்கிடக்கிறது? மறுநாளே வேங்கிக்காலில் கண்ணாடி வேலை செய்பவரிடம் போய், எங்கள் கூடத்துச் சுவருக்கு அளவு கொடுத்து நாலடித் தொட்டிக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

தொட்டி வந்தது. என் புத்தி அங்கேதான் புல் மேயப் போனது. புது வீட்டுக்குப் பழைய துடைப்பத்தைக்கூட எடுத்துப் போகாத குடும்பம் எங்களுடையது. மீனுக்கும் இது புது வீடுதானே? பழைய தண்ணீரை முழுக்கக் கொட்டினேன். ஃபில்டரில் இருந்த ஸ்பாஞ்சைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டுப் புதிது மாட்டினேன். கண்ணாடிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சூடமும் காட்டி, மீனை உள்ளே விட்டேன்.

மூன்றாம் நாள் அது சாப்பிடவில்லை. நான்காம் நாள் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது. மீன் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"பழைய ஸ்பாஞ்ச இன்னாக்கா பண்ணீங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"அய்யய்யோ! தண்ணியச் சுத்தம் பண்ற கிருமியே அந்த அழுக்குலதான்கா இருக்குது. இப்ப அது போடுற கழிவே அதுக்கு வெஷம். மூணுல ஒரு பங்கு தண்ணிய உடனே மாத்துங்க. என் தொட்டியிலேருந்து அழுக்கு ஸ்பாஞ்சு ஒண்ணு தரேன், வந்து வாங்கிட்டுப் போங்க."

அன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள். "நாளைக்குப் போலாமே" என்றார் கணவர். "நாளைக்கு வரைக்கும் அது இருக்கணுமே!" என்று கத்திவிட்டு, வாளியை அவர் கையில் திணித்துவிட்டு நடந்தேன்.

கிரிவலக் கூட்டம் ஒரு பக்கம் போக, நான் எதிரே முண்டியடித்துக்கொண்டு திரும்பினேன். கையில் பழுப்புத் தண்ணீரும் ஸ்பாஞ்சுமாக ஒரு கவர். "எந்தக் கோயில் தீர்த்தம்மா? எனக்கும் கொஞ்சம் குடேன்" என்று ஓர் அம்மா கையை நீட்டினார். "மீன் தொட்டி அழுக்குமா!" என்றேன். நீட்டிய கை சட்டென்று உள்ளே போனது.

அந்த ஸ்பாஞ்சை ஃபில்டரில் வைத்தேன். அதற்கப்புறம் தினமும் ஆபீஸுக்குக் கிளம்புமுன் ஆறு வாளி வெளியே, ஆறு வாளி உள்ளே. இடுப்பு விட்டுப்போனது. மீனோ ஒரு மூலையிலேயே கிடந்தது. அதைக் கொல்லப் பார்த்தது நான்தானே. குளத்தில் விட்டிருந்தாலாவது பிழைத்திருக்குமோ என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் வாளியைக் கீழே வைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை, வழக்கம்போல ஓர் உருண்டைத் தீனியை விரல் நுனியில் பிடித்துத் தண்ணீருக்குள் நீட்டினேன். மூலையிலிருந்து வந்த வேகத்தில் விரலையும் சேர்த்துக் கவ்வியது.

"ஏங்க! கடிச்சிடுச்சுங்க!" என்று கூவினேன். அவர் பதறிப்போய் மருந்தும் பஞ்சுமாக ஓடி வந்தார். நான் விரலைத் தண்ணீரிலிருந்து எடுக்கவே இல்லை.