உட்காரச் சொன்ன சாம்பியன்

குத்துச்சண்டைக்கு முந்தைய நாள் சிரம்பானில் எடை பார்த்தார்கள். எடைமேடையிலிருந்து இறங்கும்போது என் தம்பிக்குக் கால் தடுமாறியது. எடையைக் குறைப்பதற்காகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தான், உதடெல்லாம் வெடித்திருந்தது. நான் எழுந்து ஓடுவதற்குள், மறுநாள் அவனோடு மோதப்போகிறவர் அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினார். "மெதுவாக் குடி தம்பி. ஒரேடியா இழுத்தா வயித்தப் பிடிச்சிக்கும்" என்றார். தம்பி குடித்தான். பிறகு புகைப்படக்காரர்கள் இருவரையும் ஒருவரையொருவர் முறைத்தபடி நிற்கச் சொன்னார்கள். தம்பி முறைத்தான். அவருக்கு முறைக்க வரவில்லை, சிரித்துவிட்டார்.

அவரை எல்லோரும் சாம்பியன் என்றே அழைப்போம். கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். பகலில் லோரி ஓட்டுவார். தேசியப் பட்டத்தை அவரிடமிருந்து பறிக்க வந்தவர்கள் எல்லோரும் வீங்கிய முகத்தோடு வீடு திரும்பியிருந்தார்கள். பத்திரிகையில் வந்த அவருடைய படத்தை எங்கள் தோட்டத்து லயத்து வீட்டு அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்திருந்தவன் என் தம்பிதான். அவனுக்கு மீசை அரும்பும் முன்பே ஒட்டியது அது.

அப்பா இறந்தபின் தம்பி ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டப் போனான். நீளமான கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்து, ஒரே இழுப்பில் குலையைச் சாய்ப்பான். தோளும் கையும் அந்த வேலையில் இறுகியவை. மாலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மந்தினுக்குப் போவான். அங்கே ஒரு கடைவீட்டு மாடியில், இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் குத்துச்சண்டை சொல்லித் தந்தார். அவரை மாஸ்டர் என்போம். தம்பி வரிசையாக வென்றுகொண்டே வந்தான். கடைசியில் சாம்பியனோடு மோதும் வாய்ப்பு வந்தது. அம்மாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. "எதுக்குடா உனக்கு இது?" என்று நான் கேட்டபோது அவன் சொன்னான்: "இங்க எல்லாரும் என்னக் குலை வெட்டுறவனாத்தான்கா பாக்குறாங்க. ஒரு நாள் வேற மாதிரி பாக்கட்டும்லா."

சண்டையன்று தோட்டத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். அம்மா வரவில்லை. சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொள்கிறேன், முடிந்ததும் போன் பண்ணு என்று சொல்லிவிட்டார். எனக்கு மேடையை ஒட்டி முன்வரிசையில் இடம் கிடைத்தது. அது நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அங்கே உட்கார்ந்தால் அடி விழும் ஓசை தனியாகக் கேட்கும். ஒலிபெருக்கி, கூச்சல் எல்லாவற்றையும் தாண்டிக் கேட்கும்.

முதல் சுற்றுகள் தம்பியுடையவை. அவன் வேகத்துக்குச் சாம்பியனால் ஈடுகொடுக்க முடியவில்லை என்றே எல்லோரும் நினைத்தோம். எங்கள் தோட்டத்து ஆட்கள் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார்கள். சாம்பியன் முகத்தை மறைத்துக்கொண்டு, கயிற்றில் சாய்ந்து, வாங்கிக்கொண்டே இருந்தார். இடையிடையே தம்பியின் விலாவில் ஒன்று வைப்பார். பார்ப்பதற்கு அது அடி மாதிரியே தெரியாது. ஆனால் அப்படி ஒவ்வொன்று விழும்போதும் தம்பியின் வாய் கொஞ்சம் திறந்தது. பாதிச் சண்டை தாண்டியபோது அவனுடைய கால் நகரவில்லை. கை தாழ்ந்தது. அதன்பிறகு சாம்பியனின் அடி முகத்துக்கு ஏறியது. இடது கண் வீங்கி, மூடிக்கொண்டது.

அந்தக் கண் பக்கமிருந்து வருவது எதுவும் தம்பிக்குத் தெரியவில்லை. அது எனக்கே புரிந்தது என்றால் சாம்பியனுக்குப் புரியாமல் இருக்குமா? ஆனால் அந்தப் பக்கம் அடிப்பதை அவர் விட்டுவிட்டார். அடிப்பதற்குப் பதிலாகத் தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நடுவர் பிரித்துவிட்டால் மறுபடியும் போய்க் கட்டிக்கொள்வார். கூட்டம் அவரைப் பார்த்து ஊளையிட்டது. ஒரு தடவை என் பக்கத்துக் கயிற்றோரம் இருவரும் பின்னிக்கொண்டு நின்றபோது, தம்பியின் காதருகே அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"உக்காந்துரு தம்பி. முட்டிய ஊனிடு. பத்து எண்ணி முடிக்கட்டும். போதும்யா."

தம்பி அவர் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினான்.

சாம்பியன் நடுவரைப் பார்த்தார். நடுவர் தம்பியிடம் முடியுமா என்று மலாயில், "போலே?" என்று கேட்டார். தம்பி தலையாட்டினான். மருத்துவர் வந்து கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தொடரலாம் என்று சொல்லி இறங்கிப் போனார். மூலையில் மாஸ்டர் வெள்ளைத் துண்டைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். அதைப் போட்டால் சண்டை முடிந்துவிடும். "போடாதீங்க மாஸ்டர். போட்டா நான் உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்றான் தம்பி. அவன் வாயிலிருந்து ரத்தமும் வார்த்தையும் சேர்ந்து வந்தன. மாஸ்டருடைய கை தூக்கியபடியே நின்றது. நான் எழுந்து, "போட்டுருங்க மாஸ்டர்" என்று கத்தினேன். மண்டபம் முழுக்க அவன் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அடுத்த சுற்றில் சாம்பியன் இன்னொரு முறை சொன்னார். இம்முறை கெஞ்சுவது போலிருந்தது. பதிலுக்குத் தம்பி கண்ணை மூடிக்கொண்டு வீசிய அடி அவர் கன்னப்பொட்டில் விழுந்து, அவரும் தள்ளாடினார். கூட்டம் எழுந்து நின்றது. தம்பி அவர் மேல் பாய்ந்தான். சாம்பியனுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. வலக்கையை ஒரே தடவைதான் வீசினார். தம்பி முகங்குப்புற விழுந்தான். சாம்பியன் தன் கையைத் தூக்கவில்லை. தம்பியின் பக்கத்தில் மண்டியிட்டு, அவனுடைய பல்கவசத்தை விரலால் வெளியே எடுத்தவர் அவர்தான்.

அம்மாவுக்குப் போன் பண்ணி என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை.

தம்பியின் விழித்திரை கிழிந்திருந்தது. இரண்டு முறை அறுவை செய்து பார்த்தார்கள். இடது கண் பார்வை திரும்பவில்லை. சாம்பியன் மருத்துவமனைக்கு வந்தார். தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவர் கட்டில் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, என்னைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார். "அவர் மேல என்னடா கோபம்? சண்டைன்னா அடிக்கத்தான செய்வாங்க" என்றேன். "அடிச்சதுக்கு யாருக்கா கோபப்பட்டா?" என்றான் அவன். "அத்தன பேருக்கு முன்னால என்னப் பாவம் பாத்தாரு. நான் அவரோட சண்டை போடப் போனேன்கா. அவர் எனக்கு அண்ணனா இருந்துட்டுப் போயிட்டாரு."

அந்த ஆண்டே சாம்பியன் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு தம்பியால் குலை வெட்ட முடியவில்லை, அரிவாள் காம்பில் படாமல் தவறித் தவறிப் போனது. மந்தினில் டயர் கடையொன்றில் சேர்ந்தான். நாங்களும் அங்கேயே வீடு எடுத்துக்கொண்டோம். தீபாவளிதோறும் சாம்பியன் மங்குஸ்தானோ ரம்புத்தானோ எடுத்துக்கொண்டு வருவார். லோரி தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் தம்பி மோட்டாரை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போய்விடுவான். அம்மா காப்பி கொடுப்பார். அவர் குடித்துவிட்டு, கோப்பையைத் தானே கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டுப் போவார். பிறகு சில ஆண்டுகளாக வரவில்லை. அம்மா இறந்ததற்கும் வரவில்லை.

போன மாதம் அவருடைய மகள் எனக்குப் போன் பண்ணினாள். "அப்பாவுக்கு எல்லாம் மறந்துபோச்சுக்கா. அத்தன வருசம் தலையில வாங்கினது. என்னையவே சில நாள் யாருங்கிறாரு. ஆனா உங்க தம்பியப் பாக்கணும்னு மட்டும் ஓயாம சொல்லிட்டிருக்காரு. கூட்டிட்டு வரலாமா?"

நான் தம்பியிடம் சொன்னேன். அவர் வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை அவன் மோட்டாரை எடுக்கவில்லை.

மகள் கையைப் பிடித்து அழைத்துவர, சாம்பியன் சின்னச் சின்ன எட்டு வைத்து வந்தார். சட்டையின் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. என்னை யாரோ டீச்சர் என்று நினைத்து வணக்கம் சொன்னார். தம்பி எதிரில் வந்து நின்றதும் அவனை நெடுநேரம் பார்த்தார். பிறகு, பாதியில் விட்ட பேச்சைத் தொடர்வது போலக் கேட்டார்.

"சொன்னேனே தம்பி. உக்காந்தியா?"

தம்பி அவருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தான்.

"உக்காந்தேண்ணே" என்றான்.

"கண்ணு?"

"நல்லாருக்குண்ணே."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

சாம்பியன் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர்கள் கிளம்பிப் போனபின், இனி அந்த மனுஷன் நிம்மதியாக இருப்பார் என்று நான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மகளிடமிருந்து மறுபடியும் போன். "அப்பா வந்தது நெனப்பில்லக்கா. திரும்பவும் கேக்குறாரு. தூங்க மாட்டேங்குறாரு." நான் போனைத் தம்பியிடம் கொடுத்தேன். இப்போது அவள் நேராக அவனுக்கே பண்ணுகிறாள். வேலையிலிருந்தாலும் சாப்பாட்டிலிருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு எடுக்கிறான். முதல்முறை கேட்கப்பட்டவன் போலவே பொறுமையாகச் சொல்கிறான்: உக்காந்தேண்ணே. நல்லாருக்குண்ணே. ரெண்டும். பேசி முடித்ததும், இடப்பக்கம் வைத்த தேநீர்க் கோப்பை எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கழுத்தை முழுவதுமாகத் திருப்புகிறான்.