மண் கக்கப் போட்ட சிப்பி

1. ஒரு கேன் கடல்நீரை ஆய்வகத்திலிருந்து பேட்டையிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். திங்களன்று நேரே கடற்கரைக்குப் போய், இந்த நீரில் சிப்பிகளை விட்டுச் சோதிப்பதாகத் திட்டம்.
2. கேனின் மேல் ‘சுத்திகரித்த கடல்நீர்’ என்று எழுதி ஒட்டினேன்.
3. மாசமாக இருக்கும் அக்கா கேட்டாள் என்று, ராதாபுரம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து அத்தான் சிப்பி வாங்கிவந்தார்.
4. ஞாயிறு நான் கோயிலுக்குப் போயிருந்தேன்.
5. திரும்பியபோது கேன் காலி. அக்கா சிப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“சிப்பி உள்ள இருக்க மண்ணக் கக்கட்டும்னு ஊத்தினேன்” என்றாள் அம்மா. “நல்ல தண்ணில போட்டா செத்துப்போவும்லா? சுத்தம்னு நீதான எழுதி வச்சிருக்க?”

அது படகு எண்ணெய் கலந்த நீர். கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்களைப் போட்டு எண்ணெயைப் பிடித்து, காந்தத்தால் துகள்களை இழுத்துவிட்டோம். எல்லாத் துகளும் வந்துவிட்டதா, மிஞ்சியதைச் சிப்பி என்ன செய்யும் என்று பார்ப்பதுதான் என் வேலை. சிப்பி நீரை வடிகட்டியே பிழைக்கிறது. உப்புநீரைக் கண்டதும் வாய் திறந்திருக்கும். நீர் வெளியே போயிருக்கும். துகள்?

“இதுல இரும்புத் துகள் இருக்கும்” என்று அக்காவின் தட்டை இழுத்தேன்.

“ஏட்டி, என்ன செய்யுத? இரும்புதான? டாக்டரம்மா அதுக்குத்தான் மாத்திரையே குடுக்காங்க. ஒரு மாத்திரை மிச்சம்னு நெனச்சுக்கோ” என்றாள் அக்கா.

அத்தான் சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன். மாத்திரையின் இரும்பு கரைந்து உடம்பில் சேரும். இது கரையாத துகள், மேலே வேறொரு பூச்சு. கொதிக்க வைத்தாலும் போகாது. இதையெல்லாம் சொல்ல வாயெடுத்து, அவள் கை வயிற்றின் மேல் இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

பின்வாசலுக்குப் போய் எங்கள் பேராசிரியைக்குப் போன் செய்தேன்.

“பயப்படாதம்மா. மிச்சம் ரொம்பக் குறைவாத்தான் இருக்கும்.”

“எவ்வளவு குறைவு மேடம்?”

“அதைத்தான நீ அளக்கப்போற?”

உள்ளே அக்கா விக்கினாள். ஓடினேன். தண்ணீர் குடித்ததும் அவளுக்குச் சரியாகிவிட்டது. எனக்கு ஆகவில்லை. சமைக்காமல் கிடந்த சிப்பிகளை ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு எடுத்துப்போனேன்.

இப்போதைய நிலை: டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். குழந்தை அசைகிறது, கவனித்துக்கொண்டிருங்கள் என்றார். சிப்பிகளின் சோதனை முடிவு வரவில்லை. கேனிலிருந்த சீட்டைக் கிழித்துவிட்டேன். அந்த நீர் பாதுகாப்பானதா என்று எனக்குத் தெரியாது.