டி-ஓ-ஆர்-டி

காரைக்கால் பக்கம் குரும்பகரத்தில் தெட்சிணாமூர்த்தி வீடு எது என்று கேட்டால், "மொட்டைமாடியில அரிசி மூட்டை ஏத்தி வச்சிருக்காரே, அவரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அவர்தான். சுற்றிலும் வயல், கடல் இருப்பதே கண்ணுக்குத் தெரியாத ஊர். இருந்தாலும் மாடியில் ஒரு கொட்டகை, அதில் அரிசி, மண்ணெண்ணெய் அடுப்பு, ரேஷன் கார்டு, பத்திரங்கள். எல்லாவற்றையும் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டியிருந்தார்.

அவரைக் கேலி செய்வது சுலபம், நானும் செய்யத்தான் போகிறேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாயிரத்து நாலு டிசம்பரில் அவர் பட்டினச்சேரிப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். அலை வந்தபோது இரும்புத் தூணைக் கட்டிப்பிடித்துப் பிழைத்தார். தம்பி திருஞானசம்பந்தத்தின் உடலை மூன்றாம் நாள்தான் பார்த்தார்கள். அந்த மூன்று நாளும் பட்டியலில் தம்பி பெயருக்கு நேராக இங்கிலீஷில் 'லாஸ்ட்', அதாவது காணவில்லை, என்று எழுதியிருந்தது. அதிலிருந்து அந்த ஒரு வார்த்தையை எங்கே பார்த்தாலும் அவருக்குக் கை சில்லிட்டுப் போகும்.

மகள் பூங்கொடியைப் பிரான்சு மாப்பிள்ளைக்குக் கொடுத்திருந்தார். நாகராஜ் காரைக்கால்காரர் பிள்ளைதான். ஆனால் பிறந்து வளர்ந்தது மர்சேயில். அவருக்குத் தெரிந்த தமிழ் மொத்தம் மூன்று வாக்கியம். அதில் இரண்டு சாப்பாட்டைப் பற்றியது.

மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் தெட்சிணாமூர்த்தி டவுனுக்குப் போய், செல்வின் மொபைல் கடையில் பிரெஞ்சு அகராதி கேட்டார்.

"ரெண்டு விதம் இருக்கு அங்கிள்," என்றான் செல்வின். "ஆன்லைன்னா வாக்கியம், வழக்கு எல்லாம் வரும். ஆனா டவர் வேணும், பேலன்ஸ் போவும். ஆஃப்லைன்னா மெமரி கார்டுலயே குந்திக்கிட்டு இருக்கும். டவரே வேணாம். ஒத்த ஒத்த வார்த்தைதான், அதுக்கும் இங்கிலீஷ்லதான் அர்த்தம் சொல்லும்."

"ஆபத்து வந்தா மொதல்ல போறது டவர்தான் தம்பி. ஆஃப்லைனே போடு."

அன்று மாலையே வேலையைத் தொடங்கினார். வேறொருவராக இருந்தால் பிரெஞ்சில் குழந்தைக்கு என்ன, தொட்டிலுக்கு என்ன என்று தேடியிருப்பார். இவர் தீ, போலீஸ், விபத்து, சாவு என்று பயப்பட வேண்டிய வார்த்தைகளை முன்கூட்டியே தேடி மனப்பாடம் செய்துவைத்தார். சாவுக்கு அங்கே எம்-ஓ-ஆர்-டி. நாலே எழுத்து.

இரண்டாயிரத்து எட்டு ஜனவரி. காலை பதினொரு மணி. போன் சிணுங்கியது. மாப்பிள்ளையின் எஸ்எம்எஸ். வழக்கமாக இங்கிலீஷில் அனுப்புகிறவர் அன்று பிரெஞ்சில் அனுப்பியிருந்தார். அவசரத்தில் மனிதனுக்குத் தாய்மொழிதான் வரும். மாப்பிள்ளைக்கு வந்தது அது. ஒரே வரி. பூங்கொடி பெயர் தெரிந்தது. கடைசியில் ஆஸ்பத்திரி என்பதும் எழுத்துக்கூட்டாமலே தெரிந்தது. நடுவில் இருந்ததைப் பட்டன் பட்டனாக அழுத்திப் பார்த்தார்.

முதல் வார்த்தைக்கு அகராதி தயங்காமல் பதில் சொன்னது: லாஸ்ட்.

அடுத்தது: தண்ணீர். அந்த வார்த்தையின் கடைசியில் ஒரு எக்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. எதற்கு எக்ஸ் என்று யோசித்தவருக்குப் பன்மை என்று நினைவு வந்தது. ஒரு தண்ணீர் இல்லை. பல தண்ணீர்.

பூங்கொடி. லாஸ்ட். தண்ணீர்கள். ஆஸ்பத்திரி.

மர்சேயில் மகள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல். தினமும் சாயங்காலம் கரையில நடக்கிறேம்ப்பா என்று போன ஞாயிறுதான் சொன்னாள். போகாதே என்று சொல்ல வாயெடுத்து, பெண்டாட்டி முறைத்ததால் விட்டுவிட்டார்.

அடுப்படியில் மனைவி பெரியநாயகி தாளித்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அது நடந்ததாகிவிடும். சொல்லாதவரை அது வெறும் எஸ்எம்எஸ். "நெடுங்காடு வரைக்கும் போயிட்டு வரேன்" என்று சைக்கிளை எடுத்தார். பெடலில் கால் இரண்டு முறை வழுக்கியது.

நெடுங்காட்டு பூத்தில் மாப்பிள்ளை நம்பருக்கு ஐஎஸ்டி போட்டார். நாலு முறை மணி அடித்து, ஒரு பெண் குரல் எடுத்தது. மிக மரியாதையான குரல். பிரெஞ்சில் ஏதோ நிதானமாகச் சொன்னது. ஆஸ்பத்திரி நர்ஸ் என்று நினைத்துக்கொண்டார்.

"அம்மா, நான் பூங்கொடியோட அப்பா பேசுறேம்மா. காரைக்கால்லேர்ந்து. எம்பொண்ணு... கெடச்சிட்டாளாம்மா?"

ஒரு 'கீ' சத்தம். அப்புறம் மௌனம். அந்த மௌனத்திடம் இன்னும் ஒரு நிமிஷம் கெஞ்சினார். பூத்துக்காரர்தான், "சார், அது மிசினு சார்" என்று ரிசீவரை வாங்கி வைத்தார்.

யாராவது பிரெஞ்சு தெரிந்தவரிடம் போகலாம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர், டவுனில் வீதிக்கு ஒருவர் இருக்கிறார். ஆனால் அவர் படித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும் பார்வையை யார் தாங்குவது? அகராதிக்கு அந்தத் தொல்லை இல்லை. அது நிமிர்ந்து பார்க்காது.

வீடு திரும்பியதும் நேரே மாடிக்குப் போனார். குரும்பகரத்தில் நெட்டுக்குப் போதுமான டவர் கிடைக்கும் ஒரே இடம் தண்ணீர்த் தொட்டியின் மேல். உயரத்துக்கும் பயந்தவர் ஏறினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஆன்லைனைத் திறந்தார். மாப்பிள்ளையின் வரி முழுவதையும் அப்படியே தட்டினார். சக்கரம் சுற்றியது. பக்கத்தின் தலைப்பு வந்தது. ஒரு நீலக் கோடு வந்தது. மறுபடி சக்கரம். பிறகு, தங்கள் கணக்கில் போதிய இருப்பு இல்லை.

"ஏங்க! உச்சி வெய்யில்ல தொட்டி மேல நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க?" பெரியநாயகி படியில் நின்றார்.

"டவரு..."

"டவரு கெடைக்கலன்னா இப்புடியா மொகம் வெளுக்கும்? எறங்குங்க மொதல்ல."

இறங்கியவர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். "நாயகி... பூங்கொடிய... தண்ணியில காணலையாம்."

பெரியநாயகி கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டார். "யாரு சொன்னா?"

"மாப்ள அனுப்பியிருக்காரு."

"படிங்க. உங்க சொந்தச் சரக்கைச் சேக்காம, உள்ளது உள்ளபடி."

"பூங்கொடி. லாஸ்ட். தண்ணிங்க. ஆஸ்பத்திரி."

"கடலுன்னு இருக்கா?"

"இல்ல. ஆனா தண்ணின்னா வேற..."

"எட்டு மாசக்காரி. தண்ணி போயிடிச்சு. ஆஸ்பத்திரி." பெரியநாயகி ஒவ்வொன்றாக விரல் மடக்கினார். மூன்றாவது விரலில் குரல் உடைந்தது. "அட கூறுகெட்ட மனுசா! பனிக்கொடம் ஒடஞ்சிடிச்சுங்க! ரெண்டு புள்ள பெத்தவரு, இது தெரியலையா?"

"பெத்தது நீதானே."

பெரியநாயகி அழுதுகொண்டே சிரித்தார். பிரெஞ்சுக்காரிக்குத் தண்ணீர் போகிறது, நம்மவளுக்குக் குடம் உடைகிறது. இதையே நாம் தமிழில் அனுப்பி, மாப்பிள்ளை ஒத்த ஒத்த வார்த்தையாகப் பார்த்திருந்தால், மாமியார் வீட்டில் பானை உடைந்ததற்கு வருத்தம் தெரிவித்திருப்பார்.

தெட்சிணாமூர்த்திக்குச் சிரிப்பு வரவில்லை. "எட்டு மாசந்தானே ஆவுது?" என்றார். பெரியநாயகியின் சிரிப்பும் அதோடு நின்றது.

அதற்குப் பிறகு சோற்றை யாரும் தொடவில்லை. போனைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு இருவரும் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து மணிக்கு அது சிணுங்கியபோது இருவருமே எழவில்லை.

"நீங்க பாருங்க."

"நீ பாரு."

கடைசியில் அவர்தான் எடுத்தார். பெண் குழந்தை, அந்த வார்த்தை அகராதியில் இருந்தது. இரண்டு கிலோ முந்நூறு. எண்ணுக்கு அகராதி வேண்டாம். அப்புறம் பூங்கொடி பெயர், அதையொட்டி ஒரே ஒரு வார்த்தை. டி-ஓ-ஆர்-டி.

அகராதியில் தேடினார். இல்லை. மறுபடி தட்டினார். இல்லை. வினைச்சொல்லை மூலவடிவத்தில் தேட வேண்டும் என்று செல்வின் சொல்லித் தரவில்லை. ஆனால் தானாகக் கற்ற பாடம் நினைவில் இருந்தது. எம்-ஓ-ஆர்-டி. முதல் எழுத்து மட்டும்தான் வேறு. அவசரத்தில் மாப்பிள்ளை விரல் பட்டன் மாறி அழுத்தியிருந்தால்?

"கொழந்தை?" என்றார் பெரியநாயகி.

"பொண்ணு. நல்லாருக்கு."

"பூங்கொடி?"

அவர் மறுபடி அகராதியைத் திறந்தார். பெரியநாயகி எழுந்து அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கி, புரியாத அந்த நாலு எழுத்தை வெறித்தார். இந்த முறை மடக்க அவரிடமும் விரல் இல்லை.

ஆறு ஆகப் போகும்போது மணி அடித்தது. வெளிநாட்டு எண். பெரியநாயகி பட்டனை அழுத்தி அவர் காதில் வைத்தார்.

"அப்பா..." கரகரத்த, களைத்த குரல். பூங்கொடி குரல்.

தெட்சிணாமூர்த்தி எதையும் விசாரிக்கவில்லை. குழந்தை யார் சாடை என்றுகூடக் கேட்கவில்லை. "டி-ஓ-ஆர்-டின்னா என்னம்மா?" என்றார்.

"என்னப்பா? தூங்குறாள்னு அர்த்தம். இப்பதான் எழுந்திரிச்சேன். ஏன்ப்பா கேக்குறீங்க?"

"சும்மாத்தாம்மா. தெரிஞ்சிக்கலாம்னு."

போனைப் பெரியநாயகியிடம் கொடுத்துவிட்டு, பேனாவை எடுத்தார். சுவர்க் காலண்டரில் அன்றைய தேதிக்குக் கீழே எழுதினார்: தூக்கம். டி. எம் அல்ல.

கொஞ்சம் யோசித்து, 'எம் அல்ல' என்பதற்கு அடியில் கோடு போட்டார்.