பேட்ஜ் இல்லாத உறுதிமொழி

பதவிச் சான்று பெற்ற கேப்டனோ அவருக்கு மேலே உள்ள ஆணையரோதான் ஒரு பெண்ணைச் சாரணியாகச் சேர்க்க முடியும். அப்படிச் சேர்க்கப்படாதவள் பேட்ஜ் குத்திக்கொள்ளக் கூடாது. விதி இதுதான். கையேட்டில் அது எந்தப் பக்கத்தில் இருந்தது என்றுகூட எனக்கு நினைவிருக்கிறது. அதைச் சொன்னால் நீங்கள் இதற்கு மேல் வாசிக்க மாட்டீர்கள்.

சென்ற மாதம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோறு கட்டி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, கடைகளின் முன்னுள்ள அஞ்சடி நடைபாதையில் பழைய சாமான்களைப் பரப்பியிருந்த ஒரு இளைஞரிடம் மூன்று இதழ் வைத்த பித்தளை பேட்ஜ் ஒன்றைப் பார்த்தேன். கையில் எடுத்தேன்.

"ஆர்மி பேட்ஜ் ஆன்ட்டி. ஜப்பான்காரன் காலத்துது. இப்பல்லாம் எங்க லா கெடைக்குது?"

"இது பொம்பளப் பிள்ளைங்க சாரணர் பேட்ஜ் தம்பி. இதக் குத்திக்க உங்களுக்கு அனுமதி கெடையாது."

"நான் எங்க ஆன்ட்டி குத்திக்கிறேன், விக்கத்தான செய்றேன்."

விற்பனையைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. திருப்பி வைத்துவிட்டு வந்துவிட்டேன். விரலில் பித்தளை வாடை மட்டும் கூடவே வந்தது.

அந்த வாடை எனக்குச் சனிக்கிழமைக் காலையின் வாடை. எழுபதுகளின் பிற்பகுதி. ஜார்ஜ் டவுனில் ஒரு பெண்கள் பள்ளியின் மண்டபத்தில், பேட்ஜையும் இடைவார்க் கொக்கியையும் பாலிஷ் போட்டுத் தேய்த்துவிட்டு, குதிரை லாட வடிவில் நிற்போம். கேப்டன் நகம் பார்ப்பார், காதுக்குப் பின்னால் பார்ப்பார், பிறகு சட்டைப்பையைத் திறக்கச் சொல்வார். உள்ளே கயிறு, பென்சில், ஊக்கு, தொலைபேசிக்கு ஒரு காசு இருக்க வேண்டும். எதற்கும் ஆயத்தமாக இருப்பது எங்கள் கொள்கை. ஊக்காலும் கயிற்றாலும் சமாளிக்கக்கூடிய ஆபத்து எதுவும் கடைசிவரை எங்களைத் தேடி வரவில்லை.

எங்களுக்கென்று ஒரு பேச்சும் இருந்தது. மொத்தக் குழு 'கம்பெனி', அதற்குள் பூப்பெயர் கொண்ட அணிகள். கட்டளை ஆங்கிலத்தில், உறுதிமொழி மலாயில், திட்டு மட்டும் அவரவர் தாய்மொழியில். தினம் ஒரு நற்செயல் செய்ய வேண்டும். அதற்கு 'குட் டர்ன்' என்று பெயர். ஃபெரி துறையில் ஒருமுறை எங்களில் மூன்று பேர் ஒரே அம்மாளின் கூடையைத் தூக்கப் போய், அவர் திருடிகள் என்று கூச்சல் போட்டார். அன்றைய கணக்கில் அதைச் சேர்க்கலாமா என்று அரைமணி நேரம் விவாதித்தோம்.

அந்த மூவரில் ஒருத்தி புஷ்பா. கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து சனிக்கிழமையும் தவறாமல் ஃபெரி ஏறி வருவாள். தமிழ்ப் பள்ளியிலிருந்து வந்தவள் என்பதால் புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் கூடுதலாக உட்கார்ந்தவள். என் வயதுதான், ஆனால் ஒரு படிவம், அதாவது ஒரு வகுப்பு, கீழே. நான் மல்லிகை அணியின் தலைவி, அவள் என் அணி. முடிச்சு, கட்டுப்போடுதல், கொடி, சட்டங்கள் என்று எல்லாச் சோதனையும் தேறியிருந்தாள். உறுதிமொழி எடுத்து பேட்ஜ் குத்திக்கொள்வது ஒன்றுதான் பாக்கி. அதற்குள் பழைய கேப்டன் மாற்றலாகி அலோர் ஸ்டார் போய்விட்டார். பூகோள ஆசிரியை திருமதி ராசரத்தினம் பொறுப்பேற்றார். அவரையும் கேப்டன் என்றே கூப்பிட்டோம், ஆனால் அவருக்குப் பதவிச் சான்று இல்லை.

"எழுதிப் போட்டனான் பிள்ளை, அனுமதி தாங்கோ எண்டு. ஞாபகக் கடிதமும் போட்டாச்சு. ஒரு பதிலையும் காணேல்லை" என்பார் யாழ்ப்பாணத் தமிழில். பின்னாளில் என் உத்தியோக காலம் முழுவதும் அப்படிப்பட்ட கடிதங்கள் வந்து சேரும் மேசையில்தான் கழிந்தது. அவை எங்கே போகின்றன என்று எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரியாது.

சோதனை தேறிய மற்றவர்கள் சின்னப் பெண்கள். அடுத்த வருஷம் வாங்கிக்கொள்வார்கள். புஷ்பாவுக்கு அடுத்த வருஷம் இல்லை. மூன்றாம் படிவப் பரீட்சையோடு நிறுத்திவிட்டு பாயான் லெப்பாஸ் ஆலைக்கு அனுப்புவதாக வீட்டில் முடிவாகிவிட்டது. அவள் அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர். "வாரம் தவறாம கம்பெனி கம்பெனின்னு ஓடுறா, சம்பளத்ததான் கண்ணுல காட்ட மாட்டேங்குறா" என்று அவர் சொல்வதை அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆனால் லாட வரிசையில் நிற்கும்போது கழுத்துப்பட்டியில் பேட்ஜ் இல்லாத இடத்தைக் கையால் மறைத்துக்கொள்வாள். அப்படி நிற்பது அணிவகுப்பு ஒழுங்கில் இல்லை என்று நான் சொன்னேன்.

"ஒங்க ஒழுங்க நீங்களே வச்சிக்கங்க லீடர். எனக்கு அந்தப் பேட்ஜ ஒரு நாளு போட்டாப் போதும். போட்டுக்கிட்டு ஃபெரில நிக்கணும்."

ஆண்டிறுதி விடுமுறைக்கு முந்திய வாரம் மரியாதை மன்றம் கூடியது. அணித் தலைவிகளும் கேப்டனும் உட்கார்ந்து பேசுவதற்கு அப்படி ஒரு கம்பீரமான பெயர். நான் விதியை வாசித்தேன். ஆர்க்கிட் அணித் தலைவி சுக் யின் தன் ஆங்கிலத்தில் குறுக்கிட்டாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "பேட்ஜ் குத்தத்தான் லா சான்று வேணும். வாயத் தொறந்து உறுதிமொழி சொல்றதுக்கு யாரோட சான்று வேணும்?"

கேப்டன் கையேட்டை என்னிடமிருந்து வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். "சொல்லக் கூடாதெண்டு இதில ஒண்டுமில்லைத்தானே?" இல்லை. புஷ்பா உறுதிமொழி சொல்வது, பதில் வரும்வரை பேட்ஜ் கேப்டனின் மேசை இழுப்பறையிலேயே இருப்பது என்று முடிவாயிற்று. நான் எதிர்த்து வாக்களித்தேன். விதி என் பக்கம் இருந்தது, மற்ற எல்லோரும் அவள் பக்கம் இருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை அவள் அப்பாவும் வந்துவிட்டார். ஆலை மனுவுக்குப் படம் எடுக்க அவளை அழைத்துப்போக வந்தவர், மண்டபத்தின் வாசலிலேயே நின்றார். புஷ்பா லாடத்தின் நடுவில் நின்று மூன்று விரலை உயர்த்தி உறுதிமொழியைச் சொன்னாள். ஓரிடத்தில் தடுக்கி, திரும்பப் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் வழக்கப்படி கேப்டன் கைகுலுக்க இடது கையை நீட்டினார். உலகமெங்கும் சாரணியர் இடது கையால்தான் குலுக்குவார்கள். அது இதயத்துக்குப் பக்கத்துக் கை என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

புஷ்பாவின் இடது கை பாதி வழி போனது.

"ஏய்! டீச்சருக்கு பீச்சாங்கையவா நீட்டுற? சோத்துக் கைய நீட்டு!" வாசலிலிருந்து வந்த குரலில் மண்டபமே திரும்பியது.

இடது கையை மடக்கினால் கம்பெனியில் சேர்ந்ததாகாது. நீட்டினால் வீட்டுக்குப் போக முடியாது. அவள் அப்பாவைப் பார்த்தாள், கேப்டனைப் பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டி, அதன் மணிக்கட்டுக்கு அடியில் வலது கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள், கோயிலில் பிரசாதம் வாங்குகிறவள் மாதிரி. கேப்டன் ஒரு கணம் யோசித்தார். தானும் வலது கையைக் கொண்டுவந்து நான்கு கைகளையும் சேர்த்துக் குலுக்கினார்.

"ம்ம். அது மரியாத" என்றார் வாசலில் நின்றவர்.

இதற்குக் கையேட்டில் இடமே இல்லை. நான் ஆட்சேபிக்க வாயைத் திறப்பதற்குள் சுக் யின் என் காலை மிதித்தாள். நாங்கள் புதிதாக ஏதோ ஒரு சடங்கைக் கற்றுக்கொண்டுவிட்டோம் என்று சின்னப் பெண்கள் நினைத்துவிட்டார்கள். அடுத்து வந்த சில வருஷங்கள் எங்கள் கம்பெனியில் சீனப் பெண்ணும் மலாய்ப் பெண்ணும் இரண்டு கையால்தான் குலுக்கினார்கள். ஏன் என்று கேட்ட ஆணையரிடம், எங்கள் மரபு என்று மிக உறுதியாகச் சொன்னார்களாம்.

வெளியே போகும்போது புஷ்பா என்னிடம் வந்தாள். "பதில் வந்தா சொல்லி அனுப்புங்க லீடர். எந்த ஷிப்டா இருந்தாலும் வந்துருவேன்."

இப்போது அந்த மண்டபத்தில் குளிர்சாதனக் கணினி அறை இருக்கிறது. கேப்டன் என்று யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. மேலே ஆட்களும் கீழே கார்களுமாகப் போன அந்தப் பெரிய மஞ்சள் ஃபெரிகளும் ஓய்ந்துவிட்டன. சீருடை அணிந்த பிள்ளைகளை எப்போதாவது சாலையில் பார்க்கிறேன்; சட்டைப்பை தட்டையாகவே இருக்கிறது. இரண்டு கையால் குலுக்குவது எப்போது நின்றது என்று கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியவில்லை.

பதில் வந்தது. உலகத்துச் சாரணியர் எல்லோரும் ஒருவரை ஒருவர் நினைத்துக்கொள்வதற்கென்று ஒரு நாள் உண்டு. அன்று நாங்கள் லாடத்தில் நிற்கும்போது அலுவலகப் பையன் கொண்டுவந்து கொடுத்தான். குறிப்பிட்ட மாணவியைத் திருமதி ராசரத்தினமே சேர்த்துக்கொள்வதில் ஆட்சேபணை இல்லை, அம்மாணவி இன்னும் அப்பள்ளியில் பயின்று வருவாராயின், என்று எழுதியிருந்தது. கேப்டன் இரண்டு தரம் வாசித்தார். "வந்திட்டுது" என்று மட்டும் சொல்லி, மூலையில் வந்த தேதியை எழுதச் சொல்லி என்னிடம் நீட்டினார். புஷ்பா ஆலையில் சேர்ந்து இரண்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. எழுதினேன்: பிப்ரவரி இருபத்திரண்டு.